கழுத்தில் குழி விழுந்த ஒரு சதம்

திருகோணமலையில் ராசா தலை போட்ட ஒரு சதக் காசுக்குத் திடீரென்று மவுசு வந்த கதையைப் பலரும் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். அதில் தங்கம் கலந்திருந்தது என்கிறார்கள். வெள்ளைக்காரர் அதை உருக்கி மருந்து செய்கிறார்கள் என்று உப்புவெளியில் ஒருவர் சத்தியம் பண்ணினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் அந்தக் காசு ஏன் விலை ஏறியது என்று இந்த ஊரில் சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயால் சொன்னால் நம்புகிறார்களில்லை. ஆகவே எழுத்துக்கூட்டி எழுதி வைக்கிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

காசின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பக்கம் ராசா, மறுபக்கம் பனை. இந்தச் சதம் எங்கள் ஊரில் இல்லாத வீடு இல்லை. ஆடுகிற அலுமாரிக் காலுக்கு அண்டை கொடுக்கக்கூட அதைத்தான் வைப்போம். என் மகன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள், அவன் அரைஞாணில் கோர்த்துவிட என்று என் மனுசன் அதில் ஒன்றை எடுத்து ஓட்டை போட வெளிக்கிட்டார். அவர் துறைமுகப் பட்டறையில் வேலை செய்தவர். பெரிய இரும்புகளையெல்லாம் துளைத்தவர். அந்தச் சின்னச் செம்பில் துளையிடும் ஊசி முறிந்துபோயிற்று. ராசாவின் கழுத்தில் ஒரு குழிதான் மிச்சம். காசு அரைஞாணுக்கும் ஆகவில்லை, கடைக்கும் ஆகவில்லை. நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மனுசன் போய்ச் சேர்ந்தார். மகன் வளர்ந்தான். வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க ஏலாத காலம் அது. ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்றால் முதலில் அவனைத்தான் எழுப்பிக்கொண்டு போவார்கள். இருந்த காணியை விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கையில் அவனைப் பிடித்துக் கொடுத்தேன். ஏழு மாதம் ஒரு சொல் வரவில்லை. அந்த ஏழாம் மாதத்தில்தான் இந்தக் குழி விழுந்த சதத்தை மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தூக்கினேன். "அவன் உயிரோட ஒரு நாட்டில கால் வைக்க வேணும், அந்த நாடு அவனை இருக்க விட வேணும். அண்டைக்கு இந்தக் காசைக் கொண்டுவந்து உன்ர உண்டியலில போடுவன்" என்று பிள்ளையாருக்குச் சொன்னேன்.

எந்தப் பிள்ளையார் என்பதில் ஒரு சிக்கல். நான் நேர்ந்துகொண்டது துறைமுகப் பக்கத்துப் பிள்ளையாருக்கு. அவர் கடற்படை முகாம் வேலிக்குள் அகப்பட்டுப்போனார். பங்குனியில் திருவிழா நாள் ஒரு நாள் மட்டும் அடையாள அட்டையைப் பார்த்து எங்களை உள்ளே விடுவார்கள். மற்ற நாளெல்லாம் அவரைப் பூசை செய்ய வருகிற ஐயரும் காவலுக்கு நிற்கிற பொடியன்களும்தான் பார்ப்பார்கள்.

மகன் கனடாவில் கால் வைத்துவிட்டான். ஆனால் நாடு அவனை இருக்க விடுவதா இல்லையா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தது. காசும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சமாதானக் கதை வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். உப்புவெளிக்கு வெள்ளைக்காரர் வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடி தூரத்தில் ஒரு கொமினிக்கேசன் கடை வந்தது. கடைக்காரர் முன்னர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். டெலிபோன் இரண்டு, இண்டர்நெட் உள்ள கம்பியூட்டர் ஒன்று. கம்பியூட்டருக்குப் பூப்போட்ட துணியால் போர்வை. அவர் வீடு வீடாகப் பழைய காசு சேர்த்தார். இண்டர்நெட்டில் ஏலத்தில் விற்று அரைவாசி தனக்கு, அரைவாசி காசுக்குச் சொந்தக்காரருக்கு என்பது பேச்சு. பொங்கல் கழிந்த கையோடு நானும் அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பால்மாப் பேணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் சில்லறைச் சதங்கள் ஒரு கைப்பிடி இருந்தன.

பத்து நாள் கழித்து மகன் அந்தக் கடைக்கு டெலிபோன் எடுத்தான். பேப்பர் கிடைத்துவிட்டதாம். நாடு அவனை இருக்கச் சொல்லிவிட்டதாம். நான் அழுதேன் என்று என் தங்கச்சி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து கால் முகம் கழுவிக்கொண்டு ஆணிக்குக் கிட்டப் போனேன். மஞ்சள் துணி தோய்த்து மடித்தபடி தொங்கியது. காசு இல்லை.

தங்கச்சி மகளை வெளிநாட்டுக்குக் கட்டிக் கொடுத்தவள், கப்பல்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து என்னோடு இருந்தாள். துப்புரவில் அவளை அடிக்க ஆளில்லை.

"நேர்த்திக் காசு எங்க?" என்று கேட்டேன்.

"எந்தக் காசு?"

"இந்தத் துணிக்குள்ள கிடந்தது."

"அதுவோ. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கேக்க பாத்தன், துணி ஒரே ஊத்தை. தோய்ச்சுப் போட்டன். காசைப் பால்மாப் பேணிக்குள்ள போட்டனான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் அலுமாரிக்கு மேலே பேணி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஒரு சதம்தானே அக்கா. வேற ஒண்டை முடிஞ்சு போடுங்கோவன். பிள்ளையார் என்ன, காசுக்கு அடையாளம் எழுதியே வச்சிருக்கிறார்?"

"அவர் எழுதி வைக்கேல்ல. நான் சொல்லி வச்சனான்."

ஐயரிடமும் கேட்டுப் பார்த்தாள். காசு எல்லாம் காசுதான், மனசுதான் முக்கியம் என்றாராம். ஐயருக்கு அது சரி. வாக்குக் கொடுத்தது ஐயர் இல்லை.

கொமினிக்கேசன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் சதங்களையெல்லாம் பழப்புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"தம்பி, கழுத்தில குழி விழுந்த சதம் ஒண்டு வந்தது. அதைத் தாங்கோ."

"அதை ஏலத்துக்குப் போட்டாச்சு அக்கா."

"காசு எங்க கிடக்கு?"

"இந்தா, இந்த லாச்சிக்குள்ள." மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். ராசா படுத்திருந்தார். நான் கையை நீட்ட லாச்சியை மூடினார். "ஏலாது அக்கா. ஏலம் தொடங்கியிட்டுது. இனி இழுத்து எடுத்தா என்னைக் கள்ளன் எண்டு எழுதுவினம். அங்க நம்பிக்கையான ஆளுக்கு நட்சத்திரம் போடுவினம். எனக்கு இப்பதான் நாலு வந்திருக்கு."

"என்ர காசு, நாலு நட்சத்திரத்துக்காக லாச்சிக்குள்ள இருக்க வேணுமோ?"

"நீங்களே கேட்டு வாங்குங்கோவன். கனடாவில மகன் இருக்கிறார். ஒரு டொலர், ரெண்டு டொலர். இந்தக் குழி விழுந்த சதத்துக்கு ஆர் உங்களோட மல்லுக்கு நிக்கப்போகினம்?"

படத்தைக் காட்டினார். கம்பியூட்டருக்குள் ராசா சுளகளவுக்குப் பெருத்திருந்தார். கழுத்துக் குழி கிணறு மாதிரி இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. வாசித்துச் சொல்லச் சொன்னேன். "இலங்கைச் சதம், ராசாவின் கழுத்தில் அபூர்வமான அடையாளம், இப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு" என்று போட்டிருக்கிறாராம்.

"அது அடையாளமில்லைத் தம்பி. என்ர மனுசன் ஊசி முறிச்ச இடம்."

"ஒண்டே ஒண்டுதானே அக்கா. நான் பொய் எழுதேல்லையே."

அங்கேயிருந்த டெலிபோனை இழுத்துக்கொண்டேன். மகனுக்கு எடுத்து விசயத்தைச் சொன்னேன். அவன் அரைஞாணுக்கென்று எடுத்த காசு என்றேன். ஏலத்தில் கேட்கிறேன் அம்மா என்றான். காசு ஏலத்தில் கிடக்கிறது என்று மட்டும் தங்கச்சிக்குச் சொன்னேன், மகன் கேட்பதைச் சொல்லவில்லை. ஏலம் ஏழு நாள். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இரண்டாம் நாள் கடைக்காரர் சொன்னார், ஜெர்மனியில் ஒருவர் கேட்கிறார், லண்டனில் ஒருவர் கேட்கிறார், விலை பன்னிரண்டு டொலர் என்று. அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. நான் கோயில் ஏலம் பார்த்து வளர்ந்தவள். எங்கள் கோயிலில் திருவிழா முடிவில் படைத்த மாம்பழத்தை ஏலம் போடுவார்கள். சந்தையில் கூறு கட்டி விற்கிற மாம்பழம்தான். ஒருமுறை பலகை விற்கிற மரக்காலைக்காரரும் எண்ணெய்க் கடைக்காரரும் அதற்குப் போட்டி போட்டு, ஒரு மாம்பழத்தின் விலைக்கு ஒரு மாந்தோப்பே வாங்கியிருக்கலாம் என்கிற அளவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாம்பழத்தில் ஒன்றும் இல்லை. ஒரு ஆள் கேட்டால் அது மாம்பழத்தின் விலை. இரண்டு ஆள் கேட்டால் மற்றவனுடைய முகத்தின் விலை. மூன்றாவதாக ஒருவன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேர் இப்படி அடிபடுகிறார்களே, இதில் ஏதோ இருக்கிறது என்று அவனும் கையைத் தூக்குவான். அந்த மூன்றாவது ஆள்தான் ஜெர்மன்காரர்.

இவ்வளவு தெரிந்தவள் மகனிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை.

"அம்மா, முப்பது டொலர் கேக்கிறான் லண்டன்காரன். விடுவமே?" என்றான்.

"விடுறதோ? எங்கட வீட்டு ஆம்பிளை ஏலத்தில பாதியில எழும்பிப் போனதில்லை."

"அப்பா ஏலத்துக்கே போனதில்லையே அம்மா."

"போயிருந்தா எழும்பியிருக்க மாட்டார்."

முப்பத்தைந்தில் ஜெர்மன்காரர் விட்டுவிட்டார். நல்ல மனுசன். லண்டன்காரன் விடவில்லை. அவன் யாரென்று நான் மனதில் ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன். மொட்டைத் தலை, வாயில் புகைகிற சுங்கான், பக்கத்தில் ஒரு நாய். நாங்கள் ஆண்ட காலத்துக் காசு, உனக்கெதற்கு என்று கேட்கிற மூக்கு. ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கும்போது தங்கச்சிக்கு முன்னால் அவனைத் திட்டுவேன். "அந்த லண்டன் மொட்டையனுக்கு ஒரு நல்ல சாவு வராது" என்பேன். அவள் தேத்தண்ணி புரையேறி இருமுவாள். துணியைத் தோய்த்த குற்றம் அவளை வாட்டுகிறது என்று நினைத்தேன். அந்த நாட்களில் அவள் அடிக்கடி சந்தைக்குப் போய் வந்தாள். போகும்போது கையில் பை இருக்கும், வரும்போது பையில் ஒன்றும் இராது. அதையும் நான் கண்டேன், ஆனால் கேட்கவில்லை.

கடைசி நாள் ஊரில் கடையடைப்பு. யாரோ ஒரு சிலையை யாரோ ஓரிடத்தில் வைத்ததற்கு யாரோ கோபித்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பகல் பத்தரைக்கு ஏலம் முடியும் என்றிருந்தார் கடைக்காரர். நான் நல்ல சீலை உடுத்திக்கொண்டு நடந்தேன். சந்தியில் காவலுக்கு நின்றவன், கடையெல்லாம் பூட்டியிருக்க இந்தக் கிழவி எங்கே போகிறாள் என்று பார்த்தான். ஏலத்துக்கு என்றேன். விளங்கிச்சோ என்னவோ, விட்டுவிட்டான்.

கடைக்காரர் இரும்புக் கதவை இடுப்பளவுக்குத் தூக்கி வைத்திருந்தார். நான் இந்த வயதில் குனிந்து போகமாட்டேன் என்றேன். தூக்கினார். கதிரையைத் துடைத்துப் போட்டார். கனடாவில் இரவாம், மகன் வேலை முடித்து வந்து டெலிபோனில் இருந்தான். எண்பது. தொண்ணூற்றைந்து. நூற்றுப் பத்து. கடைக்காரர் ஒவ்வொன்றையும் சொல்லும்போது முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டார். கால் மட்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

"நூத்தி எண்பது கேட்டிட்டன் அம்மா. இதுக்கு மேல என்ர கிரெடிட் காட் விடாது" என்றான் மகன்.

"நூத்தி எண்பத்தேழு" என்றார் கடைக்காரர். "லண்டன்."

பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை தாண்டிவிட்டது.

எனக்கு அந்த நேரம் காசு தெரியவில்லை. தொப்புள் காய்ந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மனுசன் உதட்டைக் கடித்துக்கொண்டு துளைக்கிறதைப் பார்த்த நான்தான் தெரிந்தேன். லாச்சி என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காசு. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஏலாதவளாகத் திருவிழாவுக்குப் போய் நிற்க வேண்டும். மகனுக்குச் சரி, படுத்து நித்திரை கொள் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் தங்கச்சி வாசலில் நின்றாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. காசு கிடைச்சிட்டுது."

"எந்தக் காசு?"

"உங்கட நேர்த்திக் காசுதான். மகளிட்டச் சொன்னனான், லண்டனில இருந்து கேட்டு எடுத்திட்டாள். நான் செய்த பிழையை நானே சரிப்பண்ண வேணும் எண்டு உங்களுக்குச் சொல்லேல்ல. சந்தைப் பக்கத்து டெலிபோன் கடையில இருந்துதான் கதைச்சனான், இண்டைக்கும் பின்கதவால போய்க் கேட்டிட்டு இப்பதான் ஓடிவந்தனான். ஆனா அக்கா, ஆரோ ஒரு கனடாக் கள்ளன் விலையை ஏத்து ஏத்தெண்டு ஏத்திப்போட்டான். அவனுக்கு விசர் எண்டு சொன்னாள் பிள்ளை."

நான் போய்க் கதிரையில் இருந்தேன்.

"அந்த விசரன் என்ர மகன், உன்ர பெறாமகன்" என்றேன்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"அப்ப லண்டன் மொட்டையன் எண்டு நீங்கள் திட்டினது?"

"உன்ர மகளைத்தான்."

"ஒரு கிழமையா என்ர பிள்ளைக்கு நல்ல சாவு வராது எண்டு தேத்தண்ணிக்குத் தேத்தண்ணி சொன்னீங்கள்."

"நீ இருமினாய், வாய் திறக்கேல்ல."

"நீங்கள் ஆரை வாய் திறக்க விட்டீங்கள்?"

அன்றைக்கு இரண்டு பேரும் சோறு தின்னவில்லை. பின்னேரம் அவள் முதலில் சிரித்தாள். நான் பிறகு சிரித்தேன். அது எப்போதும் அந்த ஒழுங்குதான்.

அடுத்த நாள் காசு எங்கள் வீட்டுக்கு வந்தது. கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் அடிபட்ட காசு, உண்மையில் லாச்சியை விட்டு ஒரு அங்குலம் அசையவில்லை. தங்கச்சியின் மகள் எங்கள் விலாசத்தையே கொடுத்திருந்தாள். கடைக்காரர் லண்டனுக்கான தபால் செலவையும் வாங்கிக்கொண்டு, கடித உறையில் போட்டு, நானூறு அடி நடந்து கொண்டுவந்து தந்தார். விலையில் என் பங்கென்று அரைவாசியைத் தந்தார். அதை அப்படியே தங்கச்சியின் மகளுக்குத் திருப்பி அனுப்பினேன். மற்ற அரைவாசியை, எங்கள் வீட்டுக் காசை எங்கள் வீடே வாங்கியதற்கு நீங்கள் எடுப்பது நியாயமோ என்று கேட்டேன். அது ஏலச் சட்டம் அக்கா என்றார். ஒன்பதாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. துறைமுகக் கந்தோர் அவரை வீணாக இழந்துவிட்டது.

அதோடு விட்டாரா? கம்பியூட்டரிலிருந்த படத்தை விலையோடு அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஒரு சதம், நூற்று எண்பத்தேழு டொலர். அந்த நாளில் அதற்குக் கன்றோடு பசு வாங்கலாம். ஊர் புரண்டது. அலுமாரிக் கால்களெல்லாம் ஆடத் தொடங்கின. அண்டையை உருவி எடுத்துவிட்டார்களே. கப்பல்துறையிலிருந்து ஒருவர் ஒரு சாக்குச் சதத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் சாக்கை அவிழ்த்துக் கொட்டி எண்ணினார்களாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஆணியால் ராசாவின் கழுத்தைக் குத்திக்கொண்டு இருந்தார்கள். குழி இருந்தால்தான் விலையாம்.

நான் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னேன். அக்கா தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேர் ஆளையாள் தெரியாமல் அடிபட்டதுதான் அந்த விலை, காசில் ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு தங்கச்சியிடம் தனியாக வந்து, "அக்கா எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறா. இன்னும் எத்தனை சதம் வச்சிருக்கிறா?" என்று கேட்டார்கள்.

பங்குனி வந்தது. துணியில் காசை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். வேலிக் கதவடியில் பை, செருப்பு, கொண்டை எல்லாம் பார்த்தார்கள். முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். காவல்காரப் பொடியன் காசை வெயிலுக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் கேள்விப்பட்ட முகம். தமிழைப் பொறுக்கிப் பொறுக்கி, "அம்மா, இது விக்கிறதா?" என்று கேட்டான். சாமிக்கு என்று மேலே காட்டினேன். உடனே இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தான்.

உண்டியலுக்கு முன்னால் நின்று, "இந்தா, சொன்னது" என்றேன். காசு விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன். பல வருடத்துக்குப் பிறகு முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது.

உண்டியலை ஒரு வருடத்துக்கு வேலிக்குள் விட்டுவிட்டு வர ஏலாது. அதனால் அன்று மத்தியானமே கோயில் சபையார் அதைத் திறந்து எண்ணுவார்கள். எண்ணும்போது கழுத்துக் குழியோடு ராசா எழும்பி வந்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மாம்பழத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தச் சதத்தை வெற்றிலையில் வைத்து ஏலம் கூறத் தொடங்கினார்.

கொமினிக்கேசன் கடைக்காரர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஐந்நூறு என்றார். மரக்காலைக்காரர் ஆயிரம் என்றார். இரண்டாயிரத்தில் மரக்காலைக்காரர் நின்றுவிட்டார். கடைக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூவாயிரம்" என்றேன் நான்.

தங்கச்சி என் தொடையில் கிள்ளினாள். "உங்களுக்கென்ன, பேயே பிடிச்சது? கையில முன்னூறு ரூபாதான் கிடக்கு."

"சும்மா இரு."

கடைக்காரர் நாலாயிரம் என்றார். நான் ஐயாயிரம் என்றேன். அவர் ஆறு. நான் ஏழு. கூட்டம் கிட்ட வந்துவிட்டது. ஏழில் அவர் கொஞ்சம் யோசித்தார். ஒருதரம் என்றார் தலைவர். இரண்டு தரம் என்றார். நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூற்று எண்பத்தேழு டொலரையும் பார்த்தவள் மாதிரி, அவசரமில்லாமல் இருந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். காசைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான்.

"ஒன்பதாயிரம்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று தரமும் கூறி முடித்தார்கள். அவர் என்னிடமிருந்து எடுத்தது ஏறக்குறைய அப்படியே பிள்ளையாருக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளியே பஸ்சுக்கு நிற்கும்போது அவர் வெற்றிலையில் வைத்த காசோடு என்னிடம் வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, பாவமாக் கிடக்கு. ஆசையாக் கேட்டீங்கள். உங்களுக்கு வேணுமெண்டா வாங்கின விலைக்கே தாறன்."

"எனக்கெதுக்குத் தம்பி" என்றேன். "ஒரு சதம்தானே."